மிதி... விடு...

“மாத்திட்டாங்களா, பாப்பா?”

அப்பா என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி இது. நான் “மாத்தியாச்சுப்பா” என்றேன். அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து, அதே கேள்வி அதே குரலில் இன்னொரு முறை என் காதில் விழுந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நாலு பேர் முன்னால் என் பேரைச் சொல்வதற்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டதும் அதனால்தான். வாயால் வராததையெல்லாம் நோட்டில் எழுதி, பழைய டியூப் குவியலுக்கு அடியில் ஒளித்துவைப்பது என் பழக்கம். ராத்திரியில் இதைப் படிக்கிறவர்கள் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளால் ஒரு பிரயோசனமும் இல்லை. இருந்தாலும் ஒரு திருப்தி.

இதற்கு ஒரு சாட்சி இருந்தது. என் வலது பாதம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் மூன்று நாள் அதில் பதிந்த கறை போகவில்லை.

எங்கள் லாரி ஷெட் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. முதலாளி என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். மூன்று லாரிகள். வாசல் பக்கம் தகரக் கூரை போட்ட ஆபீஸ் ரூம். ஒரு மேசை, ஒரு போன், சாவி மாட்டுகிற ஆணிகள், ஒரு கட்டில். போன் வந்தால் எடுப்பதும் டிரைவர்களுக்குச் சாவி கொடுப்பதும் என் வேலை. அம்மா நான் தவழ்கிற வயதிலேயே செத்துப்போனாள். அப்பா ரோட்டில் இருக்கிற நாளெல்லாம் எனக்கு வீடு அந்த ரூம்தான்.

அப்பா ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். பிரேக் பார்க்காமல் வண்டியை நகர்த்தமாட்டார். லாரிக்குப் பிரேக் காற்றின் பலத்தில்தான் பிடிக்கும். இன்ஜின் ஓடும்போது தொட்டியில் காற்று ஏறும். பெடலை மிதித்தால் அந்தக் காற்று ரப்பர் ஹோஸ் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போய் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு வெளியே வந்தால் அந்தச் சக்கரம் பிடிக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் மேலே ஏறி மிதிக்க வேண்டும். இன்னொருத்தர் கீழே சாக்கை விரித்துப் படுத்து, சக்கரம் சக்கரமாகப் பார்க்க வேண்டும்.

மிதிக்கிறது நான். பார்க்கிறது அப்பா.

“மிதி.”

மிதிப்பேன்.

“விடு.”

விடுவேன். உஸ்ஸ்ஸ் என்று காற்று போகும்.

“ம்.”

அந்த “ம்” வந்தால் அந்தச் சக்கரம் சரி. சாக்கை இழுத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போவார். சரக்... சரக்... என்று தரையில் சத்தம் வரும். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். “என்னண்ணே, வண்டிக்குத் தாலாட்டா?” அப்பா அசரமாட்டார். “இப்ப நான் படுத்துப் பாத்தாதான், அப்புறம் நிரந்தரமா படுக்காம இருக்கலாம்” என்பார்.

பெடலின் மேல் ஒரு ரப்பர் இருக்கும். அதில் ஐந்து வரிகள். நடுவரி மட்டும் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. அத்தனை வருஷம் அப்பாவின் கால் பட்ட இடம். நான் வெறுங்காலோடுதான் மிதிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாலும் அது அப்பாவின் பெடல் என்று என் பாதத்துக்குத் தெரியும்.

கடைசிப் பயணத்துக்கு முன் இடது பக்கப் பின்சக்கரத்தில் ஹோஸ் ஓட்டையாகிக் காற்று கசிந்தது. “புதுசு மாட்டாம நான் எடுக்க மாட்டேன்” என்று அப்பா சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். மெக்கானிக் மாமா வந்து ஏதோ வேலை பார்த்தார். அவருக்கு ஷெட்டில் ரேடியோ என்று பேர். வாய் மூடவே மூடாது. ஸ்பேனரைக் கேட்டால்கூடக் கதையோடு சேர்த்துத்தான் கொடுப்பார். அப்பாவுக்கு இருபது வருஷ சிநேகிதர். என்னை மருமகளே என்றுதான் கூப்பிடுவார்.

மாலையில் பெரியப்பா என்னிடம் வந்தார்.

“ரேடியோ ஹோஸ மாத்திட்டான்மா. அப்பா கேட்டா சொல்லிடு. நான் சொன்னா அவன் ஆயிரம் கேள்வி கேப்பான். நீ பேசாத பொண்ணு. நீ ஒரு வார்த்தை சொன்னா அவனுக்கு வேதம்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. என் பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறதே என்று.

அப்பா எழுந்தபோது மழை. ஷெட் முழுக்கச் சேறு. கீழே படுக்க முடியாது. லோடு ஏற்றி முடித்து வண்டி நிற்கிறது. பெரியப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு நிமிஷம் சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் சொன்னேன்.

விடியற்காலையில் ஒரு மலை இறக்கத்தில், வளைவில், வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பாறையில் மோதியது. முன்பக்கம் முழுக்க நொறுங்கிவிட்டது. அப்பாவைப் பார்க்க என்னை விடவில்லை.

“கண்ணசந்துட்டான்.”

முதலில் சொன்னது பெரியப்பாதான். ரேடியோ மாமா அதை ஊர் முழுக்கச் சொன்னார். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. “கண்ணு சொருகுச்சுன்னா வண்டிய ஓரங்கட்டிரணும் பாப்பா, தூக்கத்தோட மல்லுக்கட்டி ஜெயிச்சவன் எவனும் இல்ல” என்று எனக்குச் சொன்னவர் அப்பா. அவரே தூங்கிவிட்டாராம். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. எனக்குச் சொன்ன வார்த்தையை மீறிவிட்டாரே என்று.

அந்த லாரியை ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். பின்பக்கம் அப்படியே இருந்தது. முன்னால் வேறொரு பழைய கேபினைப் பொருத்தி, அப்பாவின் வண்டியிலிருந்து கழற்றிய சாமான்களை அதில் மாட்டினார்கள். கீழெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். புது டிரைவர் ஒருத்தர் வேலைக்கு வந்தார். கையில் ஒரு தலையணையோடு வந்தார்.

“பெட்டி கொண்டாருவான், பை கொண்டாருவான். தலகாணியோட வேலைக்கு வந்த மொத டிரைவர் நீதான்யா” என்றார் ரேடியோ மாமா.

“தூங்கி எந்திரிச்சுட்டுத்தான் ஓட்டுவேன் மாமா. ஓட்டிக்கிட்டே தூங்க மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். விஷயம் தெரிந்திருக்க வேண்டும். “மன்னிச்சுக்க தங்கச்சி” என்றார் மெதுவாக.

மறுநாள் மதியம் வண்டி கிளம்புவதாக ஏற்பாடு. சாயங்காலம் ரேடியோ மாமா ஒரு துணிப் பொட்டலத்தைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாப்பாட்டுத் தூக்கு என்று நினைத்தேன். அவர் போனதும் பெரியப்பா என் மேசைக்கு வந்தார்.

“அந்தத் தலகாணி டிரைவர் உங்கிட்ட எதாவது கேட்டா, ஹோஸெல்லாம் புதுசுன்னு சொல்லிடும்மா. நீ பேசாத பொண்ணு. நீ சொன்னா...”

பாதியில் நிறுத்திவிட்டார். நானும் அவரும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்த்தோம். அப்பாவின் வண்டிச் சாவி ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று ராத்திரி தூக்கத்திலிருந்து விழித்தேன். ஏன் விழித்தேன் என்று தெரியவில்லை. கடிகாரத்தில் இரண்டு மணியாக இன்னும் ஐந்து நிமிஷம். ரோட்டில் ஒரு வண்டிகூடப் போகவில்லை. எங்கள் ரோட்டில் அப்படி ஒரு அமைதி இருக்கவே இருக்காது.

சரக்...

தரையில் சாக்கு இழுபடுகிற சத்தம்.

சரக்...

புது டிரைவர் பிரேக் பார்க்கிறார் என்று நினைத்தேன். பரவாயில்லை, இவரும் அப்பா மாதிரிதான் என்று ஒரு சந்தோஷம்கூட. ஆனால் அவருக்குச் சாக்கு ஏது? ஷெட்டில் இருக்கிற ஒரே சாக்கு அப்பாவுடையது. என் கட்டிலுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.

கையை விட்டுத் துழாவினேன்.

இல்லை.

“மிதி.”

லாரிக்கு அடியிலிருந்து வந்தது. சன்னமான குரல். கூட ஆள் இல்லாமல் யாரை மிதிக்கச் சொல்கிறார்? பாவம், உதவி கேட்கிறார் போல என்று எழுந்து போனேன். செருப்புப் போடவில்லை. தூரத்துக் கம்பத்து விளக்கு மட்டும் எரிந்தது. கேபின் கதவு திறந்தே இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். கால் கீழே இருட்டில் பெடலைத் தேடியது. கிடைத்தது.

ஐந்து வரிகள். நடுவரி வழுவழுப்பு.

பழைய பெடலையே மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது. மிதித்தேன்.

“விடு.”

உஸ்ஸ்ஸ்...

“ம்.”

சரக்... சரக்... அடுத்த சக்கரம்.

“மிதி.”

மிதித்தேன்.

“விடு.”

உஸ்ஸ்ஸ்...

“ம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜின் ஓடவில்லை. சாவி என் ரூமில் ஆணியில் இருக்கிறது. வண்டி இரண்டு மாதமாக நின்ற இடத்தில் நிற்கிறது. எதிரே காற்று காட்டுகிற மீட்டரைப் பார்த்தேன். கம்பத்து வெளிச்சம் அதன்மேல் விழுந்திருந்தது. முள் அடியில் கிடந்தது. பூஜ்யம்.

தொட்டியில் காற்றே இல்லை.

ஆனால் நான் விட்டபோது... உஸ்ஸ்ஸ் என்று கேட்டதே.

“மிதி.”

என் கால் தானாக மிதித்தது.

அந்த நேரம் யாரோ இருமினார்கள். வண்டிக்கு அடியில் இல்லை. ஷெட்டின் எதிர்ப்பக்கம். திரும்பிப் பார்த்தேன்.

சுவரோரமாக இன்னொரு கட்டில். அதில் புது டிரைவர். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

அப்படியென்றால் கீழே...

“விடு.”

உஸ்ஸ்ஸ்...

“ம்.”

கத்த வாயைத் திறந்தேன். என் வாயைப் பற்றித்தான் சொன்னேனே. சத்தம் வரவில்லை.

சரக்... சரக்... சரக்...

இடது பக்கம். பின்சக்கரம்.

“மிதி.”

மிதித்தேன்.

பதில் இல்லை.

“மிதி.”

இன்னும் அழுத்தினேன்.

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. சேற்றில் முகம் புதைந்த ஒருவர் விடுகிற மூச்சு...

“மிதி...”

வலது காலின் மேல் இடது காலையும் வைத்து மிதித்தேன்.

அந்தச் சக்கரத்துக்கு “ம்” வரவே இல்லை.

சாக்குச் சத்தம் மறுபடி கேட்டது. இந்தத் தடவை முன்னால் வந்தது.

சரக்...

கேபின் கதவுக்குக் கீழே நின்றது.

“மாத்திட்டாங்களா... பாப்பா?”

நான் கீழே பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

எப்படி வாய் திறந்ததோ தெரியாது.

“மாத்திட்டதா... சொன்னாங்கப்பா. என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க.”

உஸ்ஸ்ஸ்ஸ்...

நீளமான சத்தம். ஒரு வண்டியின் காற்று மொத்தமும் வடிவது போல.

அப்புறம் ஒன்றும் இல்லை. ரோட்டில் வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

விடியும்வரை காலைச் சீட்டுக்கு மேலே மடக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். புது டிரைவர்தான் பார்த்தார்.

“தங்கச்சி! இங்க என்ன பண்றே? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு.”

கீழே குதித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே பேசினேன்.

“அண்ணே... இடது பக்கம் பின்சக்கரம். ஹோஸப் பாருங்க. வண்டிய எடுக்காதீங்க.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். “இங்க ஏற்கனவே சாக்கு விரிச்சிருக்கே, நீயா?” என்றார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாக்கில் படுத்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

வெளியே வந்தபோது கையில் முறுக்கிக் கட்டிய கம்பித் துண்டு ஒன்று இருந்தது. கறுப்புப் பெயின்ட் உரிந்து, உள்ளே துரு.

“ஹோஸ மாத்தவே இல்ல தங்கச்சி. பழச ரெண்டா மடிச்சுக் கம்பியால இறுக்கிக் கட்டியிருக்காங்க. ஓட்டை வழியா காத்து போகாது. ஆனா அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கும் போகாது. சமவெளியில ஒண்ணும் தெரியாது. லோடோட எறக்கத்துல மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிரும்.” கம்பியை என் முன்னால் நீட்டினார். “உங்கப்பா தூங்கல.”

அவர் செல்போனை எடுத்து ஹோஸையும் கம்பியையும் படம் பிடித்தார்.

பெரியப்பா வந்தார். கம்பியைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

“அது... இன்னிக்கு மாத்தச் சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“இது இன்னிக்குக் கட்டினதில்ல முதலாளி. துரு ஏறியிருக்கு.”

“பெரியப்பா” என்றேன். “அன்னிக்கு மாத்தியாச்சுன்னு சொன்னீங்க.”

என் குரல் கேட்டு அவரே திடுக்கிட்டார். அப்புறம், அந்த மனுஷன், அப்பாவைத் தூக்கும்போது எல்லோரையும்விட அதிகமாக அழுத மனுஷன், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“அவன்கிட்ட சொன்னது நீதானே?”

எனக்கு ராத்திரி வந்த பயம் பெரிதில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் உடம்பு சில்லிட்டது.

அதற்குள் சைக்கிள் மணி. ரேடியோ மாமா. வரும்போதே பேசிக்கொண்டுதான் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, துணிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்து அவிழ்த்தார்.

“மருமகளே, இந்தச் சனியனால ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. அலமாரிக்குள்ள பூட்டி வெச்சா, டக்கு... உஸ்ஸு... டக்கு... உஸ்ஸுனு ஒரே சத்தம். எலியாக்கும்னு பாத்தா ஒண்ணையும் காணோம். ரெண்டு மணிக்கு என் பொண்டாட்டி எந்திரிச்சு, ‘உன் வாய்தான் ஓயாது, நீ கொண்டாந்த சாமானும் ஓயாதா’ங்கறா!”

துணியில் இருந்தது பிரேக் பெடல்.

ஐந்து வரிகள். நடுவரி தேய்ந்திருந்தது.

“இது எப்பக் கழட்டினது?” என்றார் புது டிரைவர்.

“நேத்து சாயங்காலம். வீட்டுல வெச்சு உள்ள ரப்பர மாத்தலாம்னு கொண்டுபோனேன். போய்ப் பாருய்யா, அந்த எடத்துல ஓட்டைதான் இருக்கு.”

புது டிரைவர் கேபின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ராத்திரி முழுக்க நான் மிதித்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியாக ஷெட்டின் தரை தெரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து என் வலது காலைத் தூக்கினேன். பாதத்தில் கறுப்பு மசியால் கோடுகள். மேலே இரண்டு. கீழே இரண்டு. நடுவில் வெறும் தோல்.

ரேடியோ மாமா என் பாதத்தைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். பின்சக்கரத்துக்குக் கீழே விரித்திருந்த சாக்கைப் பார்த்தார். கடைசியாக, புது டிரைவரின் கையில் இருந்த கம்பியைப் பார்த்தார். அவர் முறுக்கிய கம்பி.

“ரேடியோ, நீயாவது சொல்லுடா” என்றார் பெரியப்பா.

மாமா வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. அந்த வாயிலிருந்து சத்தம் வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

பெடலை மேசையிலேயே விட்டார். சைக்கிளையும் எடுக்கவில்லை. ஷெட் வாசலைத் தாண்டி, ரோட்டோரமாக, ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போனார்.